வற்றிய கால்வாயும் ஓடாத புகையிரதமும்

ஐக்கிய அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலே, ஒஹாயோ ஆற்றின் வடகரையில் அமைந்துள்ள நகரம் சின்சினாட்டி. அந்நகரின் நடுவே சென்றல் பார்க்வே என்னும் அகன்ற பெருந்தெரு ஒன்று செல்கின்றது. புதிதாக வரும் ஒருவர் அதனை நல்லதொரு நகரத் தெரு என்று மட்டுமே கருதுவார். ஆனால், அத்தெருவின் கீழே இரட்டைப் பாதைக்கென அமைக்கப்பட்ட கொங்கிறீற்றுச் சுரங்கம் ஒன்று இருள் சூழ்ந்து கிடக்கின்றது. அதிலே பயணிகளுக்கான மேடைகளும் படிக்கட்டுகளும் இருக்கின்றன. எனினும், ஒரு நாளாவது, ஒரு பயணியையாவது ஏற்றிக்கொண்டு அவ்வழியே புகையிரதம் சென்றதில்லை. அச்சுரங்கம் எழுப்பப்பட்ட பள்ளமோ அதற்கு முன் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் கால்வாயாக இருந்தது. ஒரே இடத்திலே கால்வாய், சுரங்கம், பெருந்தெரு என மூன்று தலைமுறைகளின் எண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. இம்மூன்றும் எவ்வாறு உண்டாயின, இவற்றுள் ஒன்று ஏன் பயன்படாதே போயிற்று என்பன ஆராயத்தக்கவை.

சின்சினாட்டி 1788 ஆம் ஆண்டிலே ஒரு சிறு குடியிருப்பாகத் தோன்றியது. முதலில் அதற்கு லொசன்றிவில் என்பது பெயர். 1790 இல் அப்பிரதேசத்தின் ஆளுநராயிருந்த ஆதர் சென் கிளேயர் என்பார் அப்பெயரை மாற்றிச் சின்சினாட்டி எனப் பெயரிட்டார். நாட்டுக்கு இடர் நேர்ந்தபோது ஏரை விட்டுப் படைத்தலைமை ஏற்று, வெற்றி கண்டபின் மீண்டும் தன் வயலுக்கே திரும்பிய சின்சினாற்றஸ் என்னும் உரோமானியனின் பெயரைத் தாங்கிய சங்கம் ஒன்று, அமெரிக்க விடுதலைப் போரிற் பங்குகொண்ட படை அதிகாரிகளால் அமைக்கப்பட்டிருந்தது. நகரின் பெயர் அச்சங்கத்தின் வழி வந்தது.

ஆற்றங்கரையில் அமைந்தமையால் நகரம் விரைந்து வளர்ந்தது. 1811 இல் முதலாவது நீராவிக் கப்பல் ஒஹாயோ ஆற்றின் வழியே சென்றது. அதன் பின்னர் ஆற்று வாணிபம் பெருகிற்று. ஆயினும் ஒரு குறை இருந்தது. ஒஹாயோ ஆறு மேற்கு நோக்கி ஓடி மிசிசிப்பியிற் கலந்து தெற்கே நியூ ஓர்லியன்சை அடைகின்றது. ஆகவே, ஆற்றோரத்து விளைபொருள்கள் தெற்கே செல்வது எளிது. வடக்கேயுள்ள உள்நாட்டு விவசாயிகளின் நிலை வேறு. கோதுமையும் சோளமும் செழித்து விளையும் நிலம் அவர்களிடம் இருந்தது. அவற்றைச் சந்தைக்குக் கொண்டு செல்ல நல்ல வழி இல்லை. மழைக்காலத்திலே வண்டிப் பாதைகள் சேறாகிவிடும். வண்டிக்கூலி சில வேளைகளிலே தானியத்தின் விலையையும் விழுங்கிவிடும்.

இக்காலத்திலே நியூயோர்க் மாநிலம் ஹட்சன் ஆற்றையும் ஈரி ஏரியையும் இணைக்கும் ஈரிக் கால்வாயை வெட்டி, 1825 இல் நிறைவேற்றியது. அவ்வேரியின் தென்கரையிலே ஒஹாயோ மாநிலம் இருக்கின்றது. ஏரியையும் ஒஹாயோ ஆற்றையும் கால்வாயால் இணைத்துவிட்டால், உள்நாட்டு விளைபொருள் வடக்கே நியூயோர்க்கையும் தெற்கே நியூ ஓர்லியன்சையும் அடையலாம் என ஒஹாயோ மக்கள் எண்ணினர். 1825 பெப்புருவரியில் மாநிலச் சட்டசபை இரண்டு கால்வாய்களுக்கு அனுமதி வழங்கியது. அவற்றுள் மேற்கே அமைந்த கால்வாய்க்கு அதே ஆண்டு யூலை 21 ஆந் திகதி மிடில்ரவுன் என்னும் ஊரிலே முதல் மண் வெட்டப்பட்டது. ஈரிக் கால்வாயின் தந்தை எனப் போற்றப்பட்ட நியூயோர்க் ஆளுநர் டி விற் கிளின்ரன் அவ்விழாவிற் கலந்துகொண்டார். பிற்காலத்தில் மயாமி ஈரிக் கால்வாய் எனப் பெயர் பெற்றது இதுவேயாகும்.

கால்வாயின் மேற்பரப்பு 40 அடி அகலமும், அடிப்பகுதி 26 அடி அகலமும், நீர் 4 அடி ஆழமும் உடையனவாக இருத்தல் வேண்டும் என்பது விதி. இயந்திரங்கள் அரிதாயிருந்த அந்நாளில் இவ்வளவும் மண்வெட்டியாலும் கோடரியாலும் கைவண்டியாலும் செய்யப்பட்டன. அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்தவர்களும் உள்ளூர் விவசாயிகளின் மைந்தரும் கூலிகளாக உழைத்தனர். ஒஹாயோக் கால்வாய் வேலைகளிலே நாட்கூலி சுமார் 30 சதமாக இருந்தது. சதுப்பு நிலங்களிலே வேலை செய்தவர்களைக் குளிர்காய்ச்சல் வாட்டியது. அவர்களுட் பலர் தாம் வெட்டிய கால்வாயிலே படகு மிதப்பதைக் காணாமலே மாண்டனர். கால்வாயின் வரலாற்றிலே ஆளுநர்களின் பெயர்கள் நிலைத்திருக்கின்றன. இக்கூலிகளின் பெயர்கள் பெரும்பாலும் நிலைக்கவில்லை.

ஒஹாயோ மாநிலத்தின் நடுப்பகுதி மேட்டுநிலம். ஆற்றிலிருந்து அம்மேட்டுக்கு ஏறி, மறுபுறம் ஏரியை நோக்கி இறங்க வேண்டும். படகு படியேறுவது எங்ஙனம்? இதற்காகவே நீர்ப்பூட்டுகள் அமைக்கப்பட்டன. நீர்ப்பூட்டு என்பது இரு முனைகளிலும் கதவுகள் பொருத்தப்பட்ட கற்றொட்டி. மேலேற வேண்டிய படகு அதனுட் புகுந்ததும் கீழ்க்கதவு மூடப்படும். மேற்புறத்து நீர் உள்ளே விடப்பட, தொட்டி நிறைய நிறையப் படகும் உயரும். நீர்மட்டம் சமமானதும் மேற்கதவு திறக்கப்படும். இவ்வாறான நீர்ப்பூட்டுகள் நூறுக்கு மேல் அக்கால்வாயில் இருந்தன. ஒவ்வொரு படகும் கடக்கும்போது ஒரு தொட்டி நீர் கீழே போய்விடும். ஆகவே மேட்டுப் பகுதிக்கு ஓயாது நீர் வேண்டும். அதற்கென்றே பெரிய நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டன. அவற்றுட் பெரியது சென் மேரிஸ் பேரேரி. மனிதரால் ஆக்கப்பட்ட ஏரிகளுள் அக்காலத்திலே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது மதிக்கப்பட்டது.

1827 இல் சின்சினாட்டியிலிருந்து மிடில்ரவுன் வரையும், 1829 இல் டேற்றன் வரையும் படகுகள் சென்றன. ஏரிக்கரையிலுள்ள ரொலீடோ நகர்வரை முழுக்கால்வாயும் நிறைவுற்றது 1845 இலேதான். முதல் மண் வெட்டி இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன. அதன் நீளம் ஏறத்தாழ 250 மைல். கரையோரப் பாதையிலே கோவேறு கழுதைகள் நடந்து கயிற்றால் படகை இழுத்துச் செல்லும். மணிக்கு 4 மைலே வேகம். அதற்கு மேற்பட்டால் அலை எழுந்து மண்கரையை அரித்துவிடும்.

கால்வாயாற் சின்சினாட்டி பெற்ற நன்மை பெரிது. 1830 இல் அந்நகரின் சனத்தொகை 24,831. 1850 இல் அது 115,435 ஆயிற்று. இருபதே ஆண்டுகளில் நான்கு மடங்குக்கு மேற்பட்ட பெருக்கம்! கோதுமை, மா, மதுவகை, பன்றியிறைச்சி என்பன படகுகளிலே வந்து குவிந்தன. பன்றியிறைச்சி வாணிபம் மிகுந்தமையால் 'போர்க்கொபொலிஸ்', அதாவது பன்றிப் பட்டணம், என நகருக்கு நகைப்பெயரும் வழங்கியது. இறைச்சித் தொழிலில் எஞ்சிய கொழுப்பிலிருந்து சவர்க்காரமும் மெழுகுதிரியும் செய்யும் தொழில்கள் தோன்றின. 1837 இல் தொடங்கிய புரொக்டர் அன் காம்பிள் நிறுவனம் அவற்றுள் ஒன்று. உலகெங்கும் பெயர் பரவிய ஒரு நிறுவனத்தின் தொடக்கம் இவ்வாறு பன்றிக் கொழுப்பிலே இருந்தது.

கால்வாய் வடக்கிலிருந்து நகருக்குள் வந்து, பின்னர் கிழக்கே திரும்பி, பத்து நீர்ப்பூட்டுகளின் வழியே ஆற்றுக்கு இறங்கிற்று. அவ்வளைவுக்கு வடக்கேயுள்ள பகுதியிலே ஜெர்மனியிலிருந்து வந்த குடிகள் ஆயிரக்கணக்கில் வாழ்ந்தனர். அவர்களுடைய கடைகள், தேவாலயங்கள், பத்திரிகைகள், சங்கீத சபைகள் யாவும் ஜெர்மன் மொழியிலேயே இயங்கின. ஆங்கிலம் பேசும் வணிகப் பகுதியில் வேலை செய்துவிட்டு மாலையிலே பாலத்தைக் கடந்து வீடு திரும்புவோர், ஜெர்மனியின் பேராறாகிய றைன் நதியைக் கடந்து தாய்நாடு சேர்வதாக வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டனர். அவ்வேடிக்கையே பெயராயிற்று. கால்வாய் 'றைன்' எனவும், அப்பகுதி 'றைனுக்கு அப்பால்' எனவும் அழைக்கப்பட்டன. இன்றும் அப்பகுதிக்கு அதுவே பெயர். 1840 முதல் நகரின் பொதுப் பாடசாலைகளிலே ஜெர்மனும் ஆங்கிலமும் சேர்த்துக் கற்பிக்கப்பட்டன. தாய்மொழியையும் காத்து, நாட்டின் மொழியையும் கற்ற அச்சமுதாயத்தின் எல்லைக் கோடாக அக்கால்வாய் விளங்கியது.

ஆனால், கால்வாய் ஏரியை எட்டிய அதே காலத்திலே அதன் பகைவனும் வந்துவிட்டது. 1840களிலே புகையிரதப் பாதைகள் சின்சினாட்டியை அடைந்தன. 1851 இல் கால்வாயின் வழியையே ஏறத்தாழ ஒட்டி டேற்றன் வரை ஒரு பாதை திறக்கப்பட்டது. புகையிரதம் பனிக்காலத்திலும் ஓடும், கால்வாயோ உறைந்துவிடும். புகையிரதம் மணிக்கணக்கிற் செல்லும் தூரத்தைக் கால்வாய்ப் படகு நாட்கணக்கிற் கடக்கும். 1850களிலிருந்து கால்வாயின் வருமானம் இறங்கத் தொடங்கிற்று. 1861 முதல் 1877 வரை மாநிலம் அதனைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டது. குத்தகைக்காரர் ஆதாயத்தை நாடினரே ஒழியப் பழுது பார்த்தலை நாடவில்லை. நகரின் கிழக்கே ஆற்றுக்கு இறங்கும் நீர்ப்பூட்டுப் பகுதி 1863 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நகரத்திடம் விடப்பட்டு, தெருவாகவும் கழிவுநீர்க் குழாயாகவும் மாற்றப்பட்டது. ஆற்றுக்கும் ஏரிக்கும் பாலமாகத் தோன்றிய கால்வாய் இவ்வாறு ஆற்றோடிருந்த தொடர்பையே இழந்தது.

எஞ்சிய பகுதியிலே நீர் தேங்கிற்று. குப்பையும் தொழிற்சாலைக் கழிவும் அதிற் கொட்டப்பட்டன. பனிக்காலத்திலே சிறுவர்கள் அதன்மேற் சறுக்கி விளையாடுவர். கோடையிலோ துர்நாற்றமும் கொசுவும் அயலவரை வருத்தின. 1832 இலும் 1849 இலும் வாந்திபேதி நோயால் பெருந்துயர் கண்ட நகரம் அது. 'ரொம் மாமாவின் குடிசை' என்னும் நூலை எழுதிய ஹரியற் பீச்சர் ஸ்ரோவ் அம்மையார் தம் குழந்தையை 1849 இல் அந்நோய்க்குப் பலி கொடுத்தது சின்சினாட்டியிலேதான். அத்தகைய நினைவுகளை உடைய மக்கள் தேங்கிய நீரை அச்சத்துடன் நோக்கியதில் வியப்பில்லை. நகரத்தை வாழவைத்த கால்வாய் நகரத்துக்கே பாரமாயிற்று.

இனி, அப்பள்ளத்தை என்ன செய்வது என்னும் வினா எழுந்தது. 1884 இல் 'கிராபிக்' என்னும் சின்சினாட்டி இதழ் ஒரு சித்திரத்தை வெளியிட்டது. கால்வாய்ப் பள்ளத்தின் உள்ளே புகையிரதம் ஓடுகின்றது. அதன் மேலே அழகிய பெருந்தெரு செல்கின்றது. நாற்பத்துநான்கு ஆண்டுகளின் பின் அச்சித்திரத்தின் மேற்பாதி மெய்யாயிற்று. கீழ்ப்பாதி சித்திரமாகவே நின்றுவிட்டது.

அவ்வெண்ணம் வீணர் கனவன்று. நகரின் நிலைமை அதனை வேண்டி நின்றது. சின்சினாட்டியின் வணிகப் பகுதி ஆற்றோரச் சமவெளியிலே நெருங்கிக் கிடந்தது. சுற்றிலும் செங்குத்தான குன்றுகள். குன்றுகளின் மேல் வீடுகள் எழுந்தபோது, 1872 முதலாகச் சரிவு இழுவைப் பாதைகள் அமைக்கப்பட்டன. மின்சாரத் திறாம் வண்டிகளும் வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தெருக்கள் திறாம் வண்டிகளாலும் குதிரை வண்டிகளாலும் நெருக்குண்டு, சில மைல் செல்வதற்கும் நெடுநேரம் பிடித்தது.

வேறொரு தொல்லையும் இருந்தது. அயலூர்களிலிருந்து மின்சாரப் புகையிரதங்கள் நகரின் எல்லைவரை வந்தன. அவற்றின் தண்டவாளங்களின் இடைவெளி 4 அடி எட்டரை அங்குலம். சின்சினாட்டித் திறாம் பாதைகளின் இடைவெளியோ 5 அடி இரண்டரை அங்குலம். ஆகவே அயலூர் வண்டிகளுட் பெரும்பாலானவை நகரின் உள்ளே நுழைய முடியாதிருந்தன. பயணிகள் எல்லையிலே இறங்கி, வேறு வண்டி பிடித்து, மெல்ல ஊர்ந்து நகருக்குட் செல்ல வேண்டியிருந்தது. ஆறு அங்குல வேறுபாடு ஆயிரக்கணக்கானோரின் நேரத்தைத் தின்றது. கால்வாய்ப் பள்ளத்தின் வழியே விரைவுப் பாதை அமைத்தால் இவ்விரு தொல்லைகளும் நீங்கும். நிலம் வாங்க வீடுகளை இடிக்க வேண்டியதில்லை. பாதி தோண்டப்பட்ட பள்ளம் முன்னரே இருக்கின்றது. பொஸ்ரன் 1897 இலும் நியூயோர்க் 1904 இலும் சுரங்கப் பாதை கண்டுவிட்டன. அடுத்தது தமது நகரமே எனச் சின்சினாட்டி மக்கள் நம்பினர்.

1911 இல் கால்வாய் நிலத்தை நகரத்துக்குக் குத்தகைக்கு விட மாநிலம் சட்டம் இயற்றியது. பொறியியலாளர்கள் அழைக்கப்பட்டுத் திட்டங்கள் வரையப்பட்டன. 1913 மார்ச்சில் ஏற்பட்ட பெருவெள்ளம் ஒஹாயோக் கால்வாய்களை ஆங்காங்கே சிதைத்து அவற்றின் ஆயுளை முடித்துவிட்டது. 1914 இல் ஏறத்தாழ 16 மைல் நீளமுள்ள வட்டப் பாதை ஒன்று முன்மொழியப்பட்டது. நகர நடுவிலே தொடங்கி, கால்வாய் வழியே வடக்கே சென்று, சென் பேர்னாட், நோர்வூட் என்னும் இடங்களைத் தொட்டு, கிழக்குப் பகுதி வழியே மீண்டும் நகர நடுவுக்கு வருவது அதன் போக்கு. 1916 ஏப்பிரலில் 60 இலட்சம் டாலர் கடன் முறிகளை வெளியிடுவதற்கு மக்களின் வாக்குக் கேட்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் மக்கள் ஆதரித்தனர். பிறர் வற்புறுத்தாமல், தம் பிள்ளைகளுக்கு நன்மை விளையும் என்று நம்பி, தாமே ஏற்றுக்கொண்ட கடன் அது.

ஓராண்டு கழியுமுன் அவர்கள் எதிர்பாராதது நிகழ்ந்தது. 1917 ஏப்பிரலில் ஐக்கிய அமெரிக்கா முதலாம் உலகப் போரிற் புகுந்தது. போருக்குத் தேவையற்ற கடன் முறிகளின் விற்பனை தடுக்கப்பட்டது. திட்டம் உறங்கிற்று. போர் பணத்தை மாத்திரம் தடுக்கவில்லை. நகரின் உள்ளத்தையும் பிளந்தது. ஜெர்மனியோடு நாடு பொருதபோது, ஜெர்மன் மொழி பேசிய அயலவர் ஐயத்துக்கு ஆளாயினர். பாடசாலைகளில் ஜெர்மன் கற்பித்தல் கைவிடப்பட்டது. 1918 இல் ஜெர்மன் பெயர் தாங்கிய தெருக்களுக்குப் புதுப்பெயர்கள் இடப்பட்டன. பிறீமன் தெரு 'குடியரசுத் தெரு' ஆயிற்று. அடுத்து மதுவிலக்கு வந்தது. 'றைனுக்கு அப்பால்' வாழ்ந்த பலருக்குத் தொழில் தந்த வடிசாலைகள் மூடப்பட்டன. சிலகாலத்தின் பின் றைனும் வற்ற வைக்கப்பட்டது. எண்பது ஆண்டுகள் ஒரு சமுதாயம் கட்டியெழுப்பிய வாழ்க்கை மூன்று நான்கு ஆண்டுகளிலே குலைந்தது.

1920 சனவரி 28 ஆந் திகதி சுரங்க வேலை தொடங்கிற்று. ஆனால், போரின் பின் இரும்பு, சீமெந்து, கூலி யாவும் ஏறியிருந்தன. 1916 இற் கணக்கிட்ட செலவு ஏறத்தாழ இரட்டித்துவிட்டது. கையிலோ அதே 60 இலட்சம் டாலர். மக்களிடம் மீண்டும் சென்று உள்ளதைச் சொல்லிக் கூடுதற் பணம் கேட்டிருக்கலாம். அல்லது, இருக்கும் பணத்தால் ஓடக்கூடிய ஒரு சிறு பாதையை முற்றாக முடித்திருக்கலாம். இவ்விரண்டும் செய்யப்படவில்லை. வட்டத்தின் கிழக்குப் பகுதி கைவிடப்பட்டது. மற்றப் பகுதியை முடிந்தமட்டும் கட்டுவது எனத் தீர்மானிக்கப்பட்டது. கால்வாயின் நீர் வடிக்கப்பட்டது. பள்ளத்திலே கொங்கிறீற்றுச் சுவர்கள் எழுந்தன. றேஸ் தெரு, லிபேட்டி தெரு, பிறைற்றன் முதலிய இடங்களில் நிலையங்கள் அமைந்தன. நகருக்குள் 2 மைலுக்குச் சற்று மேற்பட்ட சுரங்கமும், அதற்கப்பால் திறந்தவெளிப் பாதைக்கான மண்வேலையுமாக ஏறத்தாழ 7 மைல் ஆயத்தமாயிற்று. அவ்வளவிற் பணம் தீர்ந்தது. தண்டவாளம் இடவும், வண்டிகள் வாங்கவும், மின்சாரம் ஏற்றவும் ஒன்றும் எஞ்சவில்லை.

இதே காலத்தில் நகரின் அரசியலும் மாறியது. நெடுங்காலமாக நகராட்சி ஒரு கட்சித் தலைவர்களின் கைக்குள் இருந்தது. அவர்களின் ஊழலை வெறுத்த மக்கள் 1924 இல் நகரின் யாப்பையே மாற்றி வாக்களித்தனர். 1926 இல் சீர்திருத்தக்காரரான மறி சீசன்குட் நகரபிதாவானார். நேர்மையான ஆட்சிக்கு அவர் பெயர் பெற்றவர். எனினும் சுரங்கப் பாதை பழைய ஆட்சியின் பிள்ளையாக அவர் கண்ணுக்குத் தோன்றியது. 1927 இல் வந்த நிபுணர் அறிக்கை, பாதையை முடிக்க மேலும் ஒரு கோடி டாலருக்கு மேல் வேண்டும் எனக் கூறிற்று. தெருக்களில் மோட்டார் வண்டிகள் பெருகிவிட்டன. சுரங்கத்தை எதிர்நோக்கியிருந்த அயலூர் மின்சாரப் புகையிரத நிறுவனங்கள் ஒவ்வொன்றாக நலிந்தன. 1928 ஒக்ரோபர் 1 ஆந் திகதி சுரங்கத்தின் கூரைமேல் சென்றல் பார்க்வே பெருந்தெரு விழாவுடன் திறக்கப்பட்டது. 1929 தொடக்கத்தில் விரைவுப் பாதை ஆணைக்குழு கலைக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியிலே உலகைத் தாக்கிய பொருளாதார வீழ்ச்சி மிச்ச நம்பிக்கையையும் துடைத்துவிட்டது.

சுரங்கத்தைக் கட்டியோர் வண்டியின் அளவைத் தவறாகக் கணக்கிட்டனர், வளைவுகளிலே வண்டி திரும்பாது, ஆதலாற் கைவிட்டனர் என்றொரு கதை அந்நகரிலே வழங்குவதுண்டு. இக்கதைக்கு ஆதாரம் இல்லை. சுரங்கம் செவ்வனே கட்டப்பட்டது. நூறாண்டு கடந்தும் அதன் பெரும்பகுதி உறுதியாக நிற்பதே அதற்குச் சான்று. எனினும் அக்கதை ஏன் பிறந்தது என்பது சிந்திக்கத்தக்கது. பொறியியலாளன் அங்குலக் கணக்கிற் பிழைத்தான் என்றால் குற்றம் ஒருவனோடு முடிந்துவிடும். போர், விலையேற்றம், கட்சிப் பகை, ஒளிவு மறைவு, மோட்டார் வண்டி மோகம் எனப் பல காரணங்கள் கூடிக் கெடுத்தன என்றால், குற்றம் ஓர் ஊர் முழுவதையும் சாரும். முன்னையதை நம்புவது எளிது.

கட்டடம் நின்றது, ஆனால் கடன் நிற்கவில்லை. கடன் முறிகளின் முதலும் வட்டியும் ஆண்டுதோறும் வரிப்பணத்திலிருந்து செலுத்தப்பட்டன. இறுதித் தவணை கட்டப்பட்டது 1966 ஆம் ஆண்டிலே. வாக்கெடுப்பு நடந்து சரியாக ஐம்பது ஆண்டுகள். 60 இலட்சமாகத் தொடங்கிய செலவு, வட்டியோடு ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் டாலராயிற்று. 1916 இல் வாக்களித்த இளைஞன் ஒருவன் 1966 இல் எழுபது வயதைக் கடந்த முதியவனாயிருப்பான். அவனும், அவன் பிள்ளைகளும், பேரப்பிள்ளைகளும் தாம் ஏறாத புகையிரதத்துக்குக் கட்டணம் செலுத்தினர்.

இடைக்காலத்திலே அச்சுரங்கத்துக்குப் பல பயன்கள் தேடப்பட்டன. 1957 இல் அதனூடே பெரிய குடிநீர்க் குழாய் ஒன்று இடப்பட்டது. 1960களிலே, அணுகுண்டுப் போர் மூளும் என்ற அச்சத்தால், லிபேட்டி தெரு நிலையம் கதிர்வீச்சிலிருந்து ஒளிந்துகொள்ளும் புகலிடமாக ஆக்கப்பட்டது. சிலர் திராட்சை மதுக் களஞ்சியமாக்கலாம் என்றனர், அது நிறைவேறவில்லை. நகருக்கு வெளியே ஆயத்தம் செய்யப்பட்ட திறந்தவெளிப் பாதையின் பெரும்பகுதியை மோட்டார் விரைவுச்சாலைகள் விழுங்கின. புகையிரதத்துக்கென மக்கள் கடன்பட்டுத் தேடிய நிலம் அதனை வென்ற மோட்டார் வண்டிக்கே உரித்தாயிற்று.

2002 இல் புகையிரதத் திட்டம் ஒன்றுக்காக விற்பனை வரியை உயர்த்தலாமா என அப்பிரதேச மக்களிடம் கேட்கப்பட்டபோது, மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் மறுத்தனர். 2008 அளவில் நகராட்சி ஒரு கணக்கெடுத்தது. சுரங்கத்தைப் பழுது பார்த்து வைத்திருக்க 30 இலட்சம் டாலருக்குட்பட்ட தொகை போதும். மண்ணிட்டு நிரப்புவதற்கு ஏறத்தாழ 2 கோடி வேண்டும். புகையிரதம் ஓடத்தக்கதாக்க ஏறத்தாழ 10 கோடி வேண்டும் என்று அக்கணக்குக் காட்டிற்று. வைத்திருப்பதே மலிவு. மேலேயுள்ள பெருந்தெருவைத் தாங்குவது சுரங்கத்தின் கூரையாகையால் அதனைக் கவனியாது விடவும் முடியாது. 2016 செப்டெம்பரில் நகரிலே புதிய திறாம் பாதை ஒன்று திறக்கப்பட்டது. அதன் வண்டிகள் 'றைனுக்கு அப்பால்' உள்ள பகுதிக்குச் செல்லும்போது சென்றல் பார்க்வேயைக் குறுக்காகக் கடக்கின்றன. கீழே உறங்கும் சுரங்கத்தை ஒரு கணத்திலே தாண்டி அப்பாற் செல்கின்றன.

கால்வாயும் சுரங்கமும் ஒரே பள்ளத்தில் அமைந்தவை. இரண்டும் பொதுப்பணத்தால், பொதுநன்மை கருதி எடுக்கப்பட்டவை. இரண்டையும் அவற்றிலும் விரைந்த வண்டி ஒன்று வந்து வென்றது. கால்வாயைப் புகையிரதம் வென்றது, சுரங்கத்தை மோட்டார் வண்டி வென்றது. எனினும் கால்வாயைத் தோல்வி என எவரும் கூறுவதில்லை. அது நிறைவேறியது, விவசாயியின் தானியத்தைச் சந்தைக்குச் சேர்த்தது, ஒரு நகரத்தை வளர்த்தது, பின்னரே முதுமையடைந்து ஓய்ந்தது. இடையிடையே பணமுடை வந்தபோதும், மிடில்ரவுன், டேற்றன் எனப் பகுதி பகுதியாகத் திறந்து, திறந்த பகுதியிலே உடனே படகு விட்டனர். முழுவதும் முடிய இருபது ஆண்டு சென்றும், இரண்டாம் ஆண்டிலேயே மக்கள் பயன் கண்டனர். சுரங்கத்தைக் கட்டியோர் ஏழு மைலுக்கு வழி அமைத்தனர். அதில் ஒரு மைலிலேனும் வண்டி விடவில்லை. பயனை ஒரு முறையாவது கண்டிருந்தால், எஞ்சிய பணத்தை மக்களே மனமுவந்து தந்திருக்கவுங் கூடும்.

1916 இல் வாக்களித்தவர்களை அறிவிலிகள் என ஒதுக்குதல் நீதியன்று. அவர்கள் கண்ட தேவை மெய்யானது. கொண்ட நோக்கம் நல்லது. போர் வருவதையும் விலை இரட்டிப்பதையும் அவர்கள் அறிந்திலர். அவர்களுக்கு நேர்ந்த குறை, மாறிய கணக்கை எவரும் மீண்டும் அவர்கள்முன் வைத்து உடன்பாடு கேளாமையே. பொதுமக்கள் ஒரு பெரும் பணிக்கு ஒருமுறை தலையசைத்துவிட்டால் போதும் எனக் கருதும் ஆட்சியாளர்களுக்கு அச்சுரங்கம் நூறாண்டு கடந்தும் விடை கூறிக்கொண்டிருக்கின்றது. கூலிகள் 30 சதத்துக்கு வெட்டத் தொடங்கிய கால்வாய் வழியிலே இன்று நகரின் குடிநீர் ஓடுகின்றது. அந்த அளவிலேனும் அப்பள்ளம் மக்களுக்குப் பயன்படுவது ஆறுதலே.